கையில் சரக்கில்லாத வியாபாரிகள்

அவையோருக்கு வணக்கம்.

ஐரோப்பியர்கள் ஏன் கடல் தாண்டி வந்தார்கள் என்று கேட்டால், பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்க மிளகு தேவைப்பட்டதாம். நான் இதை நம்புவதில்லை. மிளகு வாங்கக் காசுள்ள வீட்டில் புது இறைச்சிக்கா பஞ்சம்? பதப்படுத்த உப்பு இருக்கவே இருந்தது. அவர்களை இழுத்து வந்தது விலை. மலபார் மிளகு அரபுக் கப்பலேறி, செங்கடல் தாண்டி, எகிப்தில் வரி கட்டி, வெனிஸ் வியாபாரியின் கைக்குப் போவதற்குள் பல மடங்கு ஏறிவிடும். நடுவில் இருக்கும் அத்தனை கைகளையும் தட்டிவிட்டால் லாபம் முழுக்க நமக்கே என்று போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு சரிதான். மாற்றிக் கொடுக்கச் சரக்குதான் இல்லை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்கு எடுத்துவைத்த பரிசைப் பாருங்கள்: 12 துண்டுக் கோடுபோட்ட துணி, 6 தொப்பி, 4 சரம் பவளம், கைகழுவும் கிண்ணங்கள், எண்ணெய், தேன், ஒரு பெட்டி சர்க்கரை. கரும்பு விளையும் நாட்டுக்குச் சர்க்கரை! அரண்மனை அதிகாரிகள் சிரித்தேவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் பரம ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பானே என்றார்கள்.

கொடுக்க எதுவும் இல்லாதவனிடம் இரண்டுதான் மிச்சம்: வெள்ளியும் பீரங்கியும். வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்கள் கொடுத்தன. பீரங்கியைப் பயன்படுத்தும் உரிமையை அரசே வியாபாரிக்கு எழுதிக் கொடுத்தது. 1602-இல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டலாம், ஒப்பந்தம் போடலாம், போரும் நடத்தலாம்.

இதோ என் கையில் இருப்பது ஜாதிக்காய். வரும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். பழம் வெடிக்கும்போது கொட்டையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வலை பின்னியிருக்கும். அதைக் காயவைத்தால் ஜாதிபத்திரி. அன்று இது இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில்தான் விளைந்தது. அங்கே கம்பளித் துணியைக் கொண்டுபோய் விரித்தால், அந்த வெயிலில் யார் வாங்குவார்கள்? தீவுக்காரர்கள் கேட்டது அரிசியும் பருத்தித் துணியும். அந்தத் துணி நம் கரையில் நெய்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய காரணம் இதுதான். 1613-இல் எழுந்த அந்த கெல்ட்ரியா கோட்டையிலிருந்து வெள்ளி நெசவாளர் வீடுகளுக்குப் போனது. துணி கிழக்கே போனது. அங்கிருந்து ஜாதிக்காய் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. சோழமண்டலக் கரையை மொலுக்கஸின், அதாவது அந்த நறுமணத் தீவுகளின், இடக்கை என்றே அவர்கள் சொன்னார்கள். நறுமணத் தீவுகளைத் தேடிப் புறப்பட்டவர்கள் தறிச் சத்தத்தில் வந்து நின்ற கதை இது.

இருந்தும் பாண்டா மக்கள் ஜாவாக்காரருக்கும் விற்றார்கள், ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். போட்டி இருக்கும்வரை விலை தன் கையில் இல்லை என்பது கம்பெனிக்குப் புரிந்தது. 1621-இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன் படையோடு இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரைக் கூலிக்கு வந்த ஜப்பானிய வாள்வீரர்கள் வெட்டினார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவில்தான் எஞ்சினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், தப்பியோடினார்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

மரங்கள் இருந்தன; காய் பறிக்க ஆளில்லை. கம்பெனி அடிமைகளைப் பல கரைகளில் தேடியது. நம் கரையும் அதில் ஒன்று. துணி மூட்டைகள் ஏறிய அதே துறைகளில் ஆட்களையும் ஏற்றினார்கள்.