பாய விரிக்கறதுக்கு முன்னாடி: ஸ்ட்ரெச்சிங்குக்கு எந்த யோகா வீடியோ?

வணக்கம்ங்க. யூடியூப்ல போய் 'ஸ்ட்ரெச்சிங் யோகா'ன்னு அடிச்சா வீடியோ வந்து குவியும். தம்ப்நெயில் எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் கண்ண மூடி அமைதியா உட்கார்ந்திருப்பாங்க. அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ஒண்ணத் திறந்தா வேர்க்க விறுவிறுக்க ஓட விடுற வின்யாசா. இன்னொண்ணு ஒரே நிலையில மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்ற யின் யோகா. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து, ராத்திரி எட்டு மணிக்கு கழுத்தும் இடுப்பும் இறுகிப்போய் வீட்டுக்கு வர்ற ஆளுக்கு இந்த ரெண்டும் ஒண்ணு கிடையாது.

அதனால எந்த வீடியோவையும் முதல் தடவையே பாயில நின்னுக்கிட்டுப் பாக்காதீங்க. உட்கார்ந்து, விரலால தள்ளித் தள்ளி ஓட்டிப் பாருங்க. ரெண்டு நிமிஷம் போதும். அதுல முதல்ல எண்ண வேண்டியது, மொத்தம் எத்தனை ஆசனம் வருதுன்னு.

கணக்கு போட்டுக் காட்டறேன். 20 நிமிஷ வீடியோன்னு வைங்க. ஆரம்பத்துல மூச்சக் கவனிக்க 2 நிமிஷம், கடைசியில சவாசனம், அதாவது மல்லாந்து அசையாம படுக்கறது, 5 நிமிஷம் போச்சுன்னா மிச்சம் 13. வலது பக்கம் ஒரு நிமிஷம், இடது பக்கம் ஒரு நிமிஷம், நடுவுல மாறிப் படுக்க அரை நிமிஷம். ஆக ஒரு ஆசனத்துக்கு ரெண்டரை நிமிஷம் வேணும். 13 நிமிஷத்துல அஞ்சுதான் அடங்கும். பாலாசனம் (மண்டி போட்டு முன்னாடி குனிஞ்சு நெத்திய தரையில வைக்கறது) மாதிரி பக்கம் மாத்த வேண்டாத ஆசனம் இருந்தா ஆறோ ஏழோ வரலாம். அதே 20 நிமிஷத்துல 15 ஆசனம் இருந்துச்சுன்னா, தலைப்புல என்ன போட்டிருந்தாலும் அது தசைய நீட்டற வீடியோ இல்ல, உடற்பயிற்சி. காலையில செய்ங்க, நல்லதுதான். ராத்திரிக்கு வேண்டாம்.

ஒரு நிமிஷம் எதுக்குன்னு கேப்பீங்க. தசைய இழுத்த உடனே அது எதிர்த்துப் பிடிக்கும். அப்படியே விட்டுப் பிடிச்சு நாலஞ்சு மூச்சு போனப்புறம்தான் அந்தப் பிடி தளரும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் சொல்ற அளவு இதுதான்: ஒரு தடவைக்கு 10 முதல் 30 வினாடி, வயசானவங்களுக்கு 30 முதல் 60 வினாடி, ஒவ்வொரு தசைக்கும் எல்லாம் சேர்த்து 60 வினாடி, வாரத்துல ரெண்டு மூணு நாளாவது. ஒரே மூச்சா ஒரு நிமிஷம் பிடிச்சாலும் சரி, 20 வினாடியா மூணு தடவை பிடிச்சாலும் சரி. வீடியோவுல ஆசிரியர் அந்த நேரத்தக் கொடுக்கறாரான்னு பாருங்க, அவ்வளவுதான்.

அடுத்து, ஃபோன கவுத்து வச்சிட்டு ரெண்டு நிமிஷம் குரல மட்டும் கேளுங்க. இந்தச் சோதனைய நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். குனிஞ்சு இருக்கும்போதும், குப்புறப் படுத்திருக்கும்போதும், மல்லாந்து முறுக்கும்போதும் திரை உங்க கண்ணுக்குத் தெரியாது. குரல்ல விவரம் இல்லேன்னா தலையத் தூக்கி எட்டிப் பாப்பீங்க. இடுப்ப நீட்டப் போய் கழுத்துல பிடிப்பு வர்றது இப்படித்தான். 'இப்படி வாங்க, இந்தக் கைய இங்க வைங்க'ன்னு பேசுற வீடியோவ ஒதுக்கிடுங்க. 'மூச்ச விட்டுக்கிட்டே வலது முட்டிய நெஞ்சுகிட்ட கொண்டு வாங்க'ன்னு சொன்னா கண்ண மூடிக்கிட்டே செஞ்சிடலாம். மூச்சும் சேர்ந்து வருதான்னு கவனிங்க. குனியும்போதும் முறுக்கும்போதும் மூச்ச வெளிய விடச் சொல்லணும். மூச்ச வெளிய விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். அதனால வெளிமூச்ச நீளமா விடச் சொல்றவங்களோட வீடியோ ராத்திரிக்குப் பொருந்தும்.

சென்னையில கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்ங்கற யோகா மையத்த 1976ல யோகா ஆசிரியர் தேசிகாச்சார் ஆரம்பிச்சார். அந்த வழியில வந்தவங்க, ஒரு ஆசனத்துல நிலைக்கறதுக்கு முன்னாடி மூச்சோட சேர்த்து சில தடவை உள்ள போய் வெளிய வரச் சொல்லுவாங்க. இறுகின உடம்புக்கு அது இதமா இருக்கும், திடீர்னு இழுத்த மாதிரி இருக்காது. யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரோட வழின்னா பெல்ட், கட்டை, போர்வைன்னு முட்டுக் கொடுத்து ரொம்ப நேரம் நிக்க வைப்பாங்க. முட்டி மடங்காதவங்க, தரையில உட்கார முடியாதவங்க அதுல தேடுங்க. ஆயுஷ் அமைச்சகத்தோட காமன் யோகா புரோட்டோகால், ஜூன் 21 யோகா தினத்துல செய்யற அந்த 45 நிமிஷப் பயிற்சி, முழுமையான ஒண்ணு. ஆனா அதுல கபாலபாதி, அதாவது மூச்ச வேகமா வெளிய தள்ற பயிற்சி, இருக்கு. அது சுறுசுறுப்பு தர்றது, தூங்கப் போற நேரத்துக்கு ஆகாது. உடம்ப நீட்டவே வேண்டாம், ஓய்வு மட்டும் போதும்னா யோக நித்திரைன்னு தேடுங்க. அதுக்குப் படமே வேண்டாம், ஆடியோ போதும்.

சரி, இப்போ ஒரே ஒரு ஆசனத்த வச்சு, நல்லா சொல்லித் தர்ற வீடியோவ எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு காட்டறேன். இந்தக் குளிக்கிற துண்ட எடுத்துக்கிட்டேன். மல்லாந்து படுக்கறேன். இடது முட்டிய மடக்கி பாதத்த தரையில ஊன்றியாச்சு. துண்ட வலது பாதத்துல போடறேன். எங்க போடறேன் பாருங்க: பாதத்தோட குழிவுல இல்ல, விரலுக்குக் கீழ சதை மேடா இருக்கே, அங்க. குழிவுல போட்டா வழுக்கிட்டே இருக்கும், கை இறுக்கிப் பிடிக்கும், தோள் காதுகிட்ட ஏறிடும். இப்போ கால மேல தூக்கறேன். பின் இடுப்பு எலும்பு தரையில படிஞ்சே இருக்கணும். முட்டி லேசா மடங்கியிருந்தா பரவாயில்ல, நேரா நீட்டியே ஆகணும்னு இல்ல. முழங்கை ரெண்டும் கனமா கீழ தொங்கட்டும்.

இழுப்பு தொடையோட பின்பக்கம் நடுவுல தெரியணும். முட்டிக்குப் பின்னாடி சுருக்குன்னா முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்குங்க. உட்காருற எலும்புகிட்ட குத்துற மாதிரி வலிச்சா தசைநார் இழுபடுது, கால இறக்குங்க. ஆடுசதையில, உள்ளங்கால்ல ஜிவ்வுன்னு, மரத்துப் போற மாதிரி வந்தா அது நரம்பு. அத எப்பவுமே பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இந்த மூணு இடத்தையும் ஆசிரியர் பிரிச்சுச் சொன்னா, அந்தச் சேனல நம்பி மத்த வீடியோவும் பாக்கலாம். 'வலிச்சாலும் தாங்குங்க, நல்லது'ன்னு சொன்னா உடனே மூடிடுங்க.

வலது, இடதும் ஒரு தலைவலி. சிலர் கண்ணாடி மாதிரி, அவங்க இடது கையக் காட்டி உங்க வலதுன்னு சொல்லுவாங்க. சிலர் அப்படிச் செய்ய மாட்டாங்க. எதுவானாலும் சரி, ஒரே வீடியோவுக்குள்ள மாறி மாறி வந்தா ஒரு பக்கத்த ரெண்டு தடவை செஞ்சிட்டு இன்னொண்ண விட்டுடுவீங்க. கேமரா கோணமும் பாருங்க. குனியற ஆசனத்த முன்னாலிருந்து மட்டும் எடுத்திருந்தா முதுகு எங்க வளையுதுன்னே தெரியாது, பக்கவாட்டுல எடுத்திருக்கணும்.

ரத்த அழுத்தம் இருக்கறவங்க, கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருக்கறவங்க, தலை கீழ போற நிலையும் மூச்ச அடக்கறதும் வர்ற வீடியோவ டாக்டரக் கேக்காம தொடாதீங்க. எலும்பு அடர்த்தி குறைஞ்சவங்க முதுக வளைச்சு ஆழமா குனியறதும், முடிஞ்ச மட்டும் முறுக்கறதும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குன்னே தனி வீடியோ இருக்கு, அதுதான் பாக்கணும். மாசம் ஏற ஏற மல்லாந்து ரொம்ப நேரம் படுக்கறது ஆகாது. வயிறு நிறைய சாப்பிட்டிருந்தா மூணு மணி நேரம் கழிச்சு. மெத்தை மேல செய்யாதீங்க, இடுப்பு அமுங்கிடும். தரையில 6 மில்லிமீட்டர் பாய் போதும், இல்லேன்னா ஜமுக்காளத்த ரெண்டா மடிச்சுப் போடுங்க.

கடைசியா சவாசனம். எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடுற வீடியோவுல நடுவுலயும் விளம்பரம் வரும். உடம்பு அப்படியே கரைஞ்சு கிடக்கற நேரத்துல டிடர்ஜென்ட் பாட்டு அலறினா அதுவரைக்கும் செஞ்சது வீண். அதனால சவாசனம் வந்ததும் வீடியோவ நிறுத்திட்டு, மெதுவான ஒலியில 7 நிமிஷம் டைமர் வைங்க. ஆட்டோபிளேயையும் அணைச்சிடுங்க. தலைக்கடியில மடிச்ச துண்டு ஒண்ணு வைங்க, தாடை மேல தூக்கி நிக்காம நெத்தி தாடைய விட லேசா மேல இருக்கற அளவு. முட்டிக்கடியில ஒரு தலையணை வச்சா இடுப்பு இறங்கும். அசையாம கிடந்தா உடம்பு குளிரும், அதனால ஃபேன ஒரு புள்ளி குறைச்சு ஒரு போர்வை எடுத்து வச்சுக்கங்க.

தேர்ந்தெடுக்கும்போது வீடியோவோட கடைசி ஒரு நிமிஷத்தையும் ஓட்டிப் பாருங்க. சவாசனத்துலருந்து நேரா தலையத் தூக்கி எழுந்து உட்காரச் சொன்னா அது எனக்குப் பிடிக்காது. விரல அசைச்சு, முட்டிய மடக்கி, வலது பக்கமா ஒருக்களிச்சு, அங்க நாலு மூச்சு இருந்துட்டு, இடது கைய ஊன்றி, தலை கடைசியா வர்ற மாதிரி எழுப்பணும்.