களப்பணியும் ஒரு வேலைதான்

நேயர்களுக்கு வணக்கம். சமூக மேம்பாட்டுப் பணியாளர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர், ஊக்குநர் என்று இடத்துக்கு இடம் இவர்களுக்குப் பெயர் மாறும். சிலர் அரசுத் திட்டங்களில் இருப்பார்கள், சிலர் தொண்டு நிறுவனங்களில். நானும் நெடுங்காலம் களத்தில் இருந்தவள்தான். இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இவர்கள் செய்யும் வேலை வெளியில் தெரிவதே இல்லை. தெரியாததால், இவர்களுடைய சம்பளமோ வேலை நேரமோ பாதுகாப்போ யாருக்கும் கவலையாக இருப்பதில்லை.

புதிதாகத் தண்ணீர்க் குழாய் வந்த ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். குழாய் கண்ணுக்குத் தெரிகிறது. போட்ட ஒப்பந்ததாரரைத் தெரியும், திறந்துவைத்தவரின் பெயர் கல்லிலேயே இருக்கும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் நடந்த வேலை யார் கண்ணிலும் படாது. குழாய் யார் வாசலில் வருவது என்று இரண்டு தரப்பு முறுக்கிக்கொண்டு நின்றிருக்கும். ஒருவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் உட்கார்ந்து பேசியிருப்பார். மனு எப்படி எழுதுவது, எந்த அலுவலகத்தில் கொடுப்பது, பதில் வராவிட்டால் அடுத்து யாரைப் பார்ப்பது என்று கூடவே நின்று சொல்லிக்கொடுத்திருப்பார். திறப்பு விழா அன்று அவர் எங்கோ பின்னால் நிற்பார். அப்படி நிற்பதும் அவருடைய வேலையில் சேர்ந்ததுதான். 'இது நாங்கள் வாங்கிய குழாய்' என்று மக்கள் சொன்னால்தான், நாளைக்கு உடைந்தால் அவரைத் தேடாமல் தாங்களே சரிசெய்வார்கள்.

இந்த முறையை மிகத் தெளிவாகச் செய்துகாட்டிய இடம் பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஓரங்கி. 1980-இல் சமூக மேம்பாட்டு முன்னோடியான அக்தர் ஹமீத் கான் அங்கே ஓரங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். சந்துகளில் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. அரசு வந்து குழாய் போடும் என்று மக்கள் காத்திருந்தார்கள். திட்டத்தின் பணியாளர்கள் பணத்தோடு போகவில்லை. ஒரு சந்தின் வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, உங்கள் சந்துக்குள் ஓடும் குழாயை நீங்களே போட்டுக்கொள்ள முடியும், செலவு வீட்டுக்கு இவ்வளவுதான் வரும் என்று கணக்குக் காட்டினார்கள். சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, அவர் வழியாக உதவி கேட்டால்தான் அடுத்த கட்டம். அப்புறம் அளவெடுப்பது, மட்டம் பார்ப்பது, மதிப்பீடு போடுவது, கருவிகள் கொடுப்பது எல்லாம் பணியாளர்களின் பொறுப்பு. பணம் வசூலித்ததும் பள்ளம் தோண்ட ஆள் ஏற்பாடு செய்ததும் மக்கள். பெரிய கால்வாய்களை அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கோடு கிழித்துவிட்டார்கள். அங்கே தொழில்நுட்பம் தெரிந்தவரும் மக்களை ஒன்றுசேர்ப்பவரும் சேர்ந்தேதான் சந்துக்குள் போனார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவரால் எதுவும் செய்திருக்க முடியாது.

பயிற்சிக்கு வருபவர்களை முதலில் ஏதாவது ஒரு சுய உதவிக் குழுக் கூட்டத்தில் உட்காரவைப்பேன். பேச வேண்டாம், பார்த்தால் போதும் என்பேன். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தீர்மானத்தைச் சொல்வார்கள். கடன் இன்னாருக்கு, அடுத்த கூட்டம் இந்தத் தேதி. அதே கேள்வியை ஒரு பழைய பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். 'வாசலுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாங்க. சேமிப்புப் பணத்தைத் தானே கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்பினாங்க. கையெழுத்துப் போடும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன மாதம் இப்படி இல்லை' என்பார். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பக்கம் தற்செயலாக வந்ததுபோல் போவார். வீட்டில் அடி உதையா, கந்துவட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறதா, உடம்புக்கு முடியவில்லையா என்பது அப்போதுதான் தெரியவரும்.

இந்தப் பார்வை ஒரு வாரப் பயிற்சியில் வராது. ஒரே இடத்துக்கு ஆண்டுக்கணக்கில் போய்வந்தால்தான் வரும். வேலை நிலைமைகளைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திப் பேசுவதற்கு இதுதான் காரணம். பணியாளர் நிலையாக இருந்தால்தான் மக்களுக்கும் அவருக்கும் நடுவில் நம்பிக்கை வளரும். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த வேலையில் ஒன்றும் நகராது.

ஆனால் நடைமுறையில் ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்குத்தான் இருக்கும், பல இடங்களில் அதற்கும் குறைவு. நிதி வரும்வரை வேலை. நிதி நின்றால் அந்த மாதக் கடைசியோடு சரி. முதல் ஆறு மாதம் மக்கள் இவரைச் சோதித்துப் பார்க்கும் காலம். 'இவரும் கணக்கெடுத்துக்கொண்டு போய்விடுவாரா?' என்று பார்ப்பார்கள். அதைத் தாண்டி, ஒரு பெண் தன் வீட்டுப் பிரச்சினையை நம்பிச் சொல்லத் தொடங்கும் நேரத்தில் திட்டம் முடிந்துவிடும். அடுத்த திட்டத்தில் புது ஆள் வருவார், அதே கணக்கெடுப்பை முதலிலிருந்து தொடங்குவார். மக்களுக்கு இது எவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதவைத் திறக்காமலே பதில் சொல்லி அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது.

வேலைப்பளுவுக்கு வருவோம். இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கியது. அதன் அடித்தளமே கிராம சேவகர் என்ற களப்பணியாளர்தான். பல கிராமங்களுக்கு ஒருவர். விவசாயம், சுகாதாரம், முதியோர் கல்வி, கூட்டுறவு என்று எல்லாத் துறைகளின் வேலையும் அவர் ஒருவர் தலையில்தான் வந்து இறங்கியது. உத்தரவு மேலிருந்து வரும், கணக்கு மேலே போகும். 1957-இல் அரசு அமைத்த பல்வந்த்ராய் மேத்தா குழு ஆராய்ந்து பார்த்து, மக்களின் சொந்த முயற்சியை இந்தத் திட்டம் எழுப்பவில்லை என்று சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளிடம் அதிகாரத்தைக் கொடுக்கச் சொன்னது. பஞ்சாயத்து ராஜ் அதன் வழியாகத்தான் வந்தது.

அந்தக் கிராம சேவகரின் நிலைமை இன்றும் பெரிதாக மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்று பதிவேடு, இன்று செல்போன் செயலி. கூட்டம் தொடங்கியதும் ஒரு போட்டோ, முடியும்போது ஒரு போட்டோ, இடத்தின் இருப்பிடக் குறியீட்டோடு ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே அலைய வேண்டும். உள்ளே ஒருவர் அழுதுகொண்டே பேசுவார், பணியாளரின் ஒரு கண் திரையில் இருக்கும். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் எத்தனை கூட்டம், எத்தனை பேர், எத்தனை போட்டோ என்று கேட்கும் படிவத்தில், அந்த வாசலோரத்துப் பெண்ணைப் போய்ப் பார்த்த காலைப்பொழுதுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அது வேலையாகவே கணக்கில் வருவதில்லை. படிவத்தை வடிவமைப்பவர்கள் ஒரு வாரம் களப்பணியாளரோடு நடந்துவிட்டு வந்து வடிவமைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மக்கள் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரம் மாலை. அதனால் கூட்டங்கள் மாலையிலும் விடுமுறை நாட்களிலும்தான் நடக்கும். அலுவலகமோ காலையில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் ஒரு நாளின் நீளம் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பயணப்படி மாதங்கள் கழித்து வரும். அதுவரை பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் சொந்தப் பணம்தான்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பன்வாரி தேவி கிராம அளவில் பணியாற்றினார். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1992-இல் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க, அவரைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வேலையைச் செய்ததற்காக நடந்த கொடுமை அது. கீழ்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால்தான் 1997-இல் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. இன்று குளிர்சாதன அலுவலகங்களில் இருக்கும் புகார்க் குழுக்கள் எல்லாம் ஒரு கிராமக் களப்பணியாளரின் துயரத்திலிருந்து பிறந்தவை. ஆனால் களப்பணியாளர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் புகாரை எங்கே கொடுப்பது என்று தெரியும்? பயிற்சி வகுப்பில் இதைக் கேட்கும்போது உயரும் கைகள் மிகக் குறைவு.

முன்பு சொன்ன ஓரங்கித் திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்திய கட்டிடக் கலைஞர் பர்வீன் ரஹ்மானும் 2013 மார்ச் மாதம் வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிலம், தண்ணீர், கடன், சாதி, திருமணம் இதில் எதைத் தொட்டாலும் யாருடைய ஆதாயத்திலாவது கை வைக்க வேண்டியிருக்கும். அந்த அபாயம் தெரிந்தே அனுப்புகிறோம் என்றால், தனியாக அனுப்பக் கூடாது. இருட்டிய பிறகு கூட்டம் என்றால் இன்னொருவர் உடன் போக வேண்டும், திரும்ப வாகனம் வேண்டும், எந்த நேரத்திலும் போன் எடுக்கும் ஒரு மேலாளர் வேண்டும். 2019-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆம் எண் உடன்படிக்கை வேலையில் நடக்கும் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரானது. அது வேலைக்கான பயணத்தையும் வேலை தொடர்பான தொலைபேசித் தொடர்பையும்கூட வேலையிடத்துக்குள் சேர்க்கிறது. தன்னார்வலர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்கிறது.

தன்னார்வலர் என்றதும், ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. அந்தப் பாராட்டு வந்த நாளிலும் அரசுப் பதிவுகளில் அவர்கள் ஊழியர்களாக இல்லை, செய்யும் பணிக்கு ஏற்ப ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்களாகத்தான் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம், 2022 ஏப்ரல் 25 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகத் தொகை கொடுக்கச் சொல்லும் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருவார்கள், அவர்கள் வாங்கும் மதிப்பூதியமும் ஊதியம்தான் என்றது. ஒரு வாழ்நாளை இந்த வேலையில் கழித்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டியிருந்தது என்பது எனக்கு வலிக்கிறது.

'சேவை மனப்பான்மை வேண்டும்' என்று நேர்காணலில் சொல்வார்கள். கட்டாயம் வேண்டும், அது இல்லாதவர் இங்கே ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார். ஆனால் அந்த மனம் இருப்பவருக்கும் வாடகை உண்டு, குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் உண்டு, பேறுகால விடுப்பு தேவைப்படும். இந்த வேலைக்கு வர ஆசைப்படும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். பயணப்படி எந்தத் தேதிக்குள் வரும், மாலைக் கூட்டத்துக்கு ஈடு விடுப்பு உண்டா, புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழு உறுப்பினர்களிடமும் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் பணியாளரின் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் முடியும் அதே நாளில் அவரும் போவதாக இருந்தால், இப்போதே எழுதிக் கேளுங்கள். அடுத்து வருபவரோடு சேர்ந்து குறைந்தது மூன்று மாதம் அவர் இருக்க வேண்டும், அதற்கான சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே ஒதுக்க வேண்டும் என்று உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நிதி தருபவர்களுக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள். பணியாளர் கேட்டால் தள்ளிப்போடுவார்கள். மக்கள் கேட்டால் பதில் எழுதியாக வேண்டும்.

நன்றி. வணக்கம்.