தோட்டம் பெண்களுடையது, நிலம் யாருடையது?

நண்பர்களே, வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு சிறிய நாடு. அதன் வடபகுதியில் இருக்கிறது கலாலே வட்டாரம். மழைக்காலம் முடிந்துவிட்டால் அங்கே மாதக்கணக்கில் ஒரு சொட்டு விழாது. அந்த நாட்களில் மக்காச்சோளக் களியும் வள்ளிக்கிழங்கும் வயிற்றை நிரப்பும். காய்கறி சந்தைக்கு வந்தாலும் ஏழை வீட்டுக்கு அந்த விலை எட்டாது.

2007இல் அங்குள்ள பெசாசி, துங்காசா ஆகிய ஊர்களில் பெண்கள் குழுக்களுக்குச் சோலார் பம்பும் சொட்டுநீர்க் குழாய்களும் அமைத்தார்கள். ஒரு தோட்டம் சுமார் அரை ஹெக்டேர். 30 முதல் 35 பெண்கள் சேர்ந்து நடத்துவது. ஆனால் ஒவ்வொருவருக்கும் 120 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் மூன்று சென்ட், தனியாக உண்டு. அதில் விளைவது அவருக்கே.

பேட்டரி கிடையாது. வெயில் அடிக்கையில் பம்பு ஓடித் தொட்டியை நிரப்பும், தொட்டியிலிருந்து தண்ணீர் தானே இறங்கி வேரில் சொட்டும். வெயில் கொளுத்தும் நாளில்தான் செடிக்குத் தாகம் அதிகம். அன்றைக்குத்தான் பம்பும் அதிகம் இறைக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

2010இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒரு தோட்டத்தில் மாதம் சராசரியாக 1.9 டன் விளைந்தது. எடைக்கணக்கில் 18 சதவீதம் வீட்டுச் சமையலுக்கு, மிச்சம் சந்தைக்கு. வெறும் 18தானா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், குடும்பத்துக்கு மாதம் பத்துக் கிலோ வருகிறது. விற்ற காசிலோ அந்தப் பெண்கள் கோடையிலும் தானியம் வாங்கினார்கள், புரத உணவு வாங்கினார்கள். தோட்டம் சமையலுக்கா, விற்பனைக்கா என்று நாம் வாதாடுகிறோம். கையில் காசு வந்தால் அந்த அம்மா அதையும் உலையில்தான் போடுகிறார்.

சரி, இத்துடன் நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். மேற்கு ஆப்பிரிக்காவின் இன்னொரு சிறிய நாடான காம்பியாவில், காம்பியா ஆற்றின் வடகரையில், வறட்சிக்குப் பிறகு 1970களிலும் 80களிலும் பெண்கள் கிணற்றுநீர் இறைத்துக் காய்கறித் தோட்டங்கள் போட்டார்கள். கெரேவான் ஊரில் கணவரின் நிலக்கடலை வருமானத்தைத் தாண்டிச் சம்பாதித்த மனைவிகள் பலர். ஆனால் நிலத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் ஆண்கள். அவர்கள் அந்தப் பாத்திகளுக்குள்ளேயே மா முதலிய பழமரங்களை நட்டார்கள். மரம் வளர்ப்பு என்ற பெயரில் வெளிநாட்டு உதவியும் கிடைத்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியது அந்தப் பெண்களே. மரம் வளர்ந்தது, நிழல் கவிந்தது, காய்கறி போயிற்று. பழமோ மரம் நட்டவருக்கு! பெண்கள் சும்மா இருக்கவில்லை, கிளைகளை வெட்டிப் போராடினார்கள். ஆனால் நிலம் அவர்கள் பேரில் இல்லையே.

ஆகவே, இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு உதவப் புறப்படுகிற அமைப்புகளிடம் ஒன்று கேட்கிறேன். பம்பு வாங்குவதற்கு முன் நில உரிமையைப் பேசி முடியுங்கள். குழுவின் பேரில் எத்தனை வருடம்? கிணறு யாருக்குச் சொந்தம்? மரம் நடும் உரிமை யாருக்கு? ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்தாகட்டும். விதையும் குழாயும் அதற்கு அப்புறம் வரட்டும்.