பிரிக்காத கடிதங்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில் சம்பள நாளன்றுதான் மனக்கலக்கம் அதிகம். யார் யாருக்குக் கட்ட வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறோம். கடன் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைக் கண்ணெடுத்துப் பார்க்கப் பயப்படுகிறோமே, அதுதான் நம்மை இன்னும் ஆழத்தில் தள்ளுகிறது.

செம்பனைக் குலை வெட்டும் ஓர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சாமி மேடைக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே முழுக்க வங்கிக் கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "பிரிக்கப் போனாலே நெஞ்சு படபடக்குது தம்பி" என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிள்ளையின் பள்ளி நோட்டில் கோடு போட்டு, யாருக்கு, எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதினோம். மோட்டார் சைக்கிள், தவணைக்கு எடுத்த துணி துவைக்கும் மெஷின், கிரெடிட் கார்டு, அடகில் ஒரு சங்கிலி. கூட்டினால் சின்னத் தொகை இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அக்கா கேட்டார்: "சரி, முதல்ல எதைக் கட்டுறது?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பயம் போன மாதிரிதான்.

கார்டில் 4,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி, ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டியே 60 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 200 வெள்ளியைக் கட்டினால் 140 வெள்ளிதான் கடனில் கழியும். அதே மாதம் அதே கார்டில் 150 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் கடன் முன்பைவிடக் கூடிவிடும். அடகுக் கடை வட்டி நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் மாதம் 2 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 24. கார்டைவிட அதிகம். ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் நகையும் கைவிட்டுப் போகலாம்.

கணக்குப்படி வட்டி அதிகமுள்ள கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும். இருந்தாலும் மிகவும் பயந்து போனவர்களுக்கு, இருப்பதிலேயே சின்னக் கடனை முதலில் முடியுங்கள் என்றே சொல்வேன். ஒன்று முடிந்தால் மனதுக்குத் தெம்பு வரும், அந்தத் தவணைப் பணத்தை அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்பலாம். அக்கா வீட்டில் மெஷின் தவணை முதலில், சங்கிலி அடுத்து, கார்டு அதற்குப் பிறகு என்று முடிவானது.

கடன் இருக்கும்போது தீபாவளி எதற்கு, கேமரன் மலைச் சுற்றுலா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லாமல் எந்தத் தாயும் இருக்க மாட்டார். பட்ஜெட்டில் இடம் விடாவிட்டால் கடைசி வாரத்தில் கடன் வாங்கித்தான் செய்வார். துணி, பலகாரம், பிள்ளைகளுக்கு உறையில் வைத்துத் தரும் அங்பாவ் பணம், பள்ளி விடுமுறையில் ஒருநாள் பயணம், எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி என்றால் மாதம் 100 வெள்ளி. கார்டு இல்லாத தனிக் கணக்கில் சம்பள நாளன்றே போட்டுவிடுங்கள். அந்த 100 முடியாவிட்டால் 50 போடுங்கள், கொண்டாட்டத்தையும் 600 வெள்ளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அமைச்சராக இருந்த நம்மூர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில்தான் தோட்டங்களே வாங்கப்பட்டன. சிறுகச் சேர்ப்பது நமக்குத் தெரியாத வித்தை இல்லை.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர் நம்பரை மட்டும் தயவுசெய்து அழைக்காதீர்கள். பழைய கடனை அடைக்க அங்கே போனால் வீட்டு வாசலுக்கே மிரட்டல் வரும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் போலீசில் புகார் செய்யுங்கள்.

வங்கித் தவணையைச் சமாளிக்கவே முடியவில்லை என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. ஆலோசனை இலவசம். உங்கள் வரவு செலவைப் பார்த்து, தவணையைத் திருத்தியமைக்க வங்கிகளிடம் பேசுவார்கள். போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, அந்த டின்னில் இருக்கும் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.