ஆண்ட்ரோமெடாவை எந்தச் சாய்வில் பிடிப்பது? தொலைநோக்கியில் கேமரா ரொடேட்டர்

[காட்சி: வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொலைநோக்கி. திரையில் இரண்டு படங்கள்.]

வணக்கம். இந்த இரண்டு படங்களிலும் இருப்பது ஒரே ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம்தான். 400 மி.மீ. குவியத் தூரமுள்ள அதே தொலைநோக்கி, அதே கேமரா, இதே மாடி. முதல் படத்தில் மண்டலத்தின் இரண்டு நுனிகளும் வெட்டுப்பட்டிருக்கின்றன. இரண்டாவதில் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நான் செய்தது ஒன்றுதான்: கேமராவைத் திருப்பினேன்.

ஆண்ட்ரோமெடா வானத்தில் ஏறக்குறைய 3 டிகிரி நீளம், அதாவது ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த அளவு. என் கேமராவில் ஒளியைப் பதியும் சில்லு, அதாவது ஏபிஎஸ்-சி அளவு சென்சார், காட்டும் பரப்போ சுமார் 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி. நீளவாக்கில் வைத்தால் மண்டலம் அடங்கும், குறுக்கே வைத்தால் அடங்காது.

“திருகைத் தளர்த்திக் கையால் திருப்பினால் போதாதா, இதற்கு ஒரு கருவி வேண்டுமா?” என்று கேட்பீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். திருகைத் தளர்த்தும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்கள் கெடுகின்றன. கேமரா மயிரிழை சாய்கிறது, ஃபோகஸ் மாறுகிறது, முன்பு இருந்த கோணம் தொலைந்துபோகிறது. மூன்றாவதுதான் சென்னைக்காரர்களுக்குப் பெரிய அடி.

[காட்சி: மழை பெய்யும் மாடி. உறை போட்டு மூடிய தொலைநோக்கி.]

காரணம் நம் மழை. ஆண்ட்ரோமெடா முன்னிரவில் உச்சிக்கு வருவது நவம்பரில். அப்போது நம் தலைக்கு மேல் இருப்பது வடகிழக்குப் பருவமழை. நகரத்து வெளிச்சத்தில் நல்ல படம் வேண்டுமென்றால் பல மணி நேரம் ஒளி சேர்த்தாக வேண்டும். ஒரே இரவில் அது கிடைக்காது. இன்று ஒரு மணி நேரம், பத்து நாள் கழித்து நாற்பது நிமிடம் என்று மேகம் விட்ட இடைவெளியில் பொறுக்க வேண்டியதுதான். ஒருமுறை இப்படி நான்கு இரவுகளில் சேர்த்ததை ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். நான்கும் நான்கு கோணம். பொதுவான பகுதியை மட்டும் வெட்டி எடுத்தபோது மண்டலத்தின் ஒரு நுனி போய்விட்டது. மறுநாளே ரொடேட்டர் தேடத் தொடங்கினேன்.

ரொடேட்டர் என்பது ஒரு தடித்த வளையம். ஒரு பக்கம் தொலைநோக்கியோடு மரையால் இறுகியிருக்கும், மறுபக்கம் கேமராவோடு சேர்ந்து சுழலும். ஓரத்தில் டிகிரி கோடுகள் இருக்கும். கையால் திருப்புவது ஒரு வகை, மோட்டார் வைத்தது இன்னொரு வகை.

கோணத்தை எங்கிருந்து அளப்பது? வானியலில் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி எண்ணுவது வழக்கம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நுங்கம்பாக்கம் நினைவுக்கு வரும். 1792இல் அங்கே கட்டப்பட்ட மதராஸ் வான்நோக்ககத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த நோக்ககத்தில் பணியாற்றிய டபிள்யூ.எஸ். ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஒரு பிசகு இருப்பதாகவும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் காரணமாகலாம் என்றும் 1855இல் எழுதினார். அந்தக் கூற்று பின்னால் நிலைக்கவில்லை. ஆனால் இரட்டை நட்சத்திரத்தை அளப்பதற்கு அடிப்படையே இடைவெளியும் இந்தக் கோணமும்தான். நாம் மாடியில் நின்று திருப்புவதும் அதே கோணம்.

[காட்சி: திரையில் நட்சத்திரக் கோடு ஒன்று. கை ரொடேட்டரைத் திருப்புகிறது.]

மென்பொருள் இல்லாமலே தொடக்கக் கோணத்தைப் பிடிக்கலாம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வையுங்கள். இருபது விநாடி எக்ஸ்போஷர் கொடுத்து, அது ஓடும்போதே மவுண்டை, அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தாங்கியை, துருவ அச்சில் மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். நட்சத்திரம் ஒரு கோடு இழுக்கும். அதுதான் கிழக்கு மேற்கு. கோடு படத்தின் நீள விளிம்புக்கு இணையாகும்வரை கேமராவைத் திருப்புங்கள். வடக்கு 0, கிழக்கு 90 என்பதால் இப்போது நீளப் பக்கம் 90 டிகிரியில் இருக்கிறது. ஆண்ட்ரோமெடாவின் நீள அச்சு சுமார் 35 டிகிரி. ஆக, 55 டிகிரி திருப்பினால் போதும். தவறான திசையில் திருப்பிவிட்டால் அடுத்த படமே காட்டிக்கொடுக்கும்.

நட்சத்திரங்களை அடையாளம் கண்டு கோணம் சொல்லும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல மென்பொருள்கள் படத்தின் மேல்திசை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்றுதான் சொல்லும். அதே சட்டகத்துக்கு அங்கே 125 அல்லது 305 என்று வரும். பதற வேண்டாம், கணக்கு சரிதான்.

இனி, பணத்தைக் கொடுத்துவிட்டுப் பலர் தலையில் கை வைக்கும் இடம்: இடைவெளி.

[காட்சி: மேசையில் கேமரா, ஃபில்டர் சக்கரம், இடைவளையங்கள், ஒரு அடிஸ்கேல்.]

லென்ஸ் தொலைநோக்கியில் ஓரம்வரை நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்க ஃபிளாட்னர் என்ற கூடுதல் லென்ஸைப் பொருத்துகிறோம். பெரும்பாலான ஃபிளாட்னர்களுக்கும் சென்சாருக்கும் நடுவில் 55 மி.மீ. இருக்க வேண்டும். என் கேமராவின் முகப்பிலிருந்து சென்சார் 17.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. ஃபில்டர்களை மாற்றித் தரும் ஃபில்டர் சக்கரம் 20. மிச்சம் 17.5. ரொடேட்டர் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு விலகாமல் கண்காணிக்கும் கைடிங் கேமராவுக்கு ஓரத்து ஒளியைத் திருப்பிவிடும் ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர் ஏற்கெனவே அங்கே இருந்தால், இடமே இல்லை. 2 மி.மீ. தடிமனுள்ள ஃபில்டர் கண்ணாடி இந்த 55ஐ இன்னும் 0.7 மி.மீ. அளவுக்குக் கூட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு தப்பினால் மூலை நட்சத்திரங்கள் அரிசி மணிபோல் நீண்டுவிடும்.

இன்னொரு வழி, ரொடேட்டரை ஃபிளாட்னருக்கு முன்னால் வைப்பது. 55 அப்படியே இருக்கும், ஆனால் ஃபோகஸர் குழாய் அந்தத் தடிமன் அளவுக்கு இன்னும் உள்ளே போக வேண்டும். வாங்குவதற்கு முன் ஃபோகஸ் ஆன நிலையில் குழாய் எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்படியே உங்கள் ஃபோகஸரையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பல தொலைநோக்கிகளில் சுழலும் வளையம் ஏற்கெனவே இருக்கும். அது போதும் என்றால் செலவே இல்லை.

பொருத்திய பிறகு ஒரு வேலை கூடும். ஃபில்டரிலும் சென்சார் கண்ணாடியிலும் உள்ள தூசி கேமராவோடு சுழலும், முன் லென்ஸில் உள்ளது சுழலாது. ஆகவே தூசி நிழலைக் கழிக்கச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிளாட் படங்களை ஒவ்வொரு கோணத்துக்கும் தனியாக எடுக்க வேண்டும். பக்கத்தில் போர்வை உதறும் மாடியில் இதில் சோம்பல் கூடாது. கைடிங் கேமரா தனிக் குழாயில் இருந்தால் தொந்தரவில்லை. கேமராவோடு சேர்ந்து சுழல்கிறது என்றால் மறுபடி காலிபரேஷன் செய்யுங்கள், அதாவது மவுண்ட் எந்தத் திசையில் நகர்கிறது என்று அதற்கு மீண்டும் காட்டிக்கொடுங்கள்.

மோட்டார் வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். ஓர் இரவில் ஒரு பொருளை மட்டும் எடுப்பவருக்குக் கையால் திருப்புவதே போதும். தொலைவிலிருந்து இயக்குபவர்களும் தூங்கும்போது பொருள் மாறவேண்டும் என்பவர்களும் வாங்கலாம். சுழற்சியை 180 டிகிரிக்குள் கட்டுப்படுத்துங்கள். செவ்வகத்தைத் தலைகீழாக்கினாலும் அதே செவ்வகம்தான், வயர்களாவது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும்.

கிடைமட்டமாகவும் மேலும் கீழுமாகவும் மட்டும் நகரும் சிறிய ஸ்மார்ட் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அவற்றில் வானமே சட்டகத்துக்குள் சுழலும். பூமத்திய ரேகைக்கு அருகே அது இன்னும் மோசம். 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஓரையன் நெபுலா உச்சியைக் கடக்கும்போது நிமிடத்துக்கு முக்கால் டிகிரி வரை சுழல்கிறது. உத்தராகண்டில் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கி போன்றவை இதை ஈடுகட்டக் கருவிகளையே சுழற்றுகின்றன. நம் சிறு கருவிகளில் பத்து விநாடிப் படங்களை மென்பொருளே திருப்பி அடுக்கிவிடும், மூலைகள் மட்டும் போகும்.

[காட்சி: அடுத்த மாடியிலிருந்து ஒரு பெண் குரல்.]

“தம்பி, நிலாவையா எடுக்கிறீர்கள்?”

“இல்லை அக்கா, ஆண்ட்ரோமெடா.”

“அது எங்கே இருக்கிறது?”

“இப்போது அந்த மேகத்துக்குப் பின்னால்.”

[காட்சி: ரொடேட்டரின் கோடு நெருக்கத்தில். ஒரு ஒட்டுத்தாளில் தேதியும் கோணமும் எழுதித் தொலைநோக்கிக் குழாயில் ஒட்டுகிறார். உறை விழுகிறது.]