கெலிப்பர் மாத்தின பிறகு பிரேக் புடிக்கலையா? தலவாக்கலையில எனக்கு நடந்தது

வணக்கம் உறவுகளே. மழை கொஞ்சம் விட்டிருக்கு, அதான் கெமராவைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். தலவாக்கலையில இந்த நாள்ல வெயிலை நம்பி பைக்கைப் பிரிச்சுப் போட முடியாது.

முதல்ல இதைப் பாருங்க. இது போன கிழமை எடுத்த வீடியோ. முன் பிரேக் லீவரைப் புடிக்கிறேன்... கைப்பிடியில வந்து முட்டுது. இப்ப டக்கு டக்குனு நாலு தரம் அடிக்கிறேன். பாத்தீங்களா, இறுகிடுச்சு. ஒரு நிமிஷம் விட்டுட்டுப் புடிச்சா திரும்பவும் பஞ்சு. கெலிப்பர், அதாவது சக்கரத்து டிஸ்க்கை பிரேக் பேட்டால நசுக்கிப் புடிக்கிற பாகம், அதை மாத்தின அன்னைக்கு என் பைக் இப்படித்தான் இருந்துச்சு.

ஏன் மாத்தினேன்னா, பழைய கெலிப்பர்ல பேட்டைத் தள்ளுற பிஸ்டன் துரு புடிச்சு உள்ளயே இறுகிப் போச்சு. பைக்குக்கு வயசாயிடுச்சு. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி, 2025ல திரும்பத் திறக்கிற வரைக்கும் நம்ம பக்கம் எல்லாரும் இருக்கிற பைக்கையே ஒட்டி ஒட்டித்தானே ஓட்டினோம். புதுக் கெலிப்பர் வெலை கேட்டேன், கட்டாது. பாவிச்ச சாமான் கடையில வேற மொடல் பைக்குல இருந்து கழட்டினது ஒண்ணு கிடைச்சது. போல்ட் ஓட்டை ரெண்டும் சரியா உக்காந்துச்சு. பிரேக் ஒயில் வர்ற ஹோஸை மாட்டுற போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது செப்பு வொஷர் போட்டேன். பழைய வொஷர் ஒரு தரம் நசுங்கிட்டா அடுத்த தரம் ஒழுங்கா அடைக்காது, அதுல காசு பாக்காதீங்க.

அப்புறம் ஒயில்ல மாட்டின காத்தை எடுத்தேன். அடிச்சுப் புடி, கெலிப்பர்ல ஒயிலை வெளிய விடுற நிப்பிளைத் திற, மூடு, விடு. அரை போத்தல் பிரேக் ஒயில் போச்சு. நிப்பிள்ல மாட்டின ட்யூப்ல ஒரு குமிழி வரல. ஆனா லீவர் பஞ்சாவே இருக்கு.

அடிக்க அடிக்க இறுகுதுன்னா பெரும்பாலும் உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். ஒயிலை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாம். அப்ப அந்தக் காத்து ஏன் வெளிய வரல? ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சேன். காலையில டோர்ச் அடிச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சது.

இந்தா, கிட்ட வந்து பாருங்க. இந்தக் கெலிப்பர் இருந்த பைக்குல இது முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்குக்கு முன்னால நிக்கும். என் பைக்குல பின்னால. அதனால தலைகீழாத் திரும்பி, நிப்பிள் கீழ வந்துடுச்சு. காத்து எப்பவும் மேலதானே போகும்? கெலிப்பரோட மேல் மூலையில அது பாட்டுக்கு உக்காந்திருக்கு, நான் கீழ இருந்து சுத்தமான ஒயிலை எடுத்து எடுத்துக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

வேலை சுலபம்தான். கெலிப்பரோட ரெண்டு போல்ட்டையும் கழட்டி, ஹோஸோட சேர்த்துத் தூக்கி, நிப்பிள் உச்சியில வர்ற மாதிரி புடிக்கணும். ரெண்டு பேட்டுக்கும் நடுவுல டிஸ்க் தடிப்புக்கு ஒரு மரத்துண்டு கட்டாயம் வைங்க. வைக்காம லீவரை அடிச்சா பிஸ்டன் வெளிய வந்து விழுந்துடும். தம்பி லீவரைப் புடிக்க நான் நிப்பிளைத் திறந்தேன். பெரிய பெரிய குமிழியா வந்துச்சு. மூணாவது தரத்துலயே லீவர் நின்னுடுச்சு.

ஆனா பழைய மாதிரி மேல நிக்கல, கொஞ்சம் உள்ள வந்துதான் நிக்குது. இது காத்து இல்ல. பழைய கெலிப்பர்ல ஒரே பிஸ்டன், 32 மில்லிமீட்டர். இதுல ரெண்டு பிஸ்டன், ஒவ்வொண்ணும் 25 மில்லிமீட்டர். பரப்பளவு கணக்குப் போட்டா அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கூடுது. லீவர் பக்கத்துல ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் அதேதான், அதனால லீவர் அவ்வளவு தூரம் கூட வந்தாத்தான் பேட் டிஸ்க்கைத் தொடும். அமுக்குறதுக்கு மெத்துனு இருக்கும், பிடிப்பு நல்லா இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாம இன்னும் காத்து இருக்குன்னு நினைச்சு ஒயிலை வீணாக்க வேணாம்.

சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே.

அடுத்த நாள் தங்கச்சியை ஏத்திக்கிட்டு நுவரெலியா போனேன். நானுஓயா வழியா ஏத்தம்தான், பிரேக்கே புடிக்கல. டவுன்ல நிப்பாட்டினதும் கருகின வாசம். முன் டிஸ்க் பக்கத்துல கையைக் கொண்டு போறேன், அனல் அடிக்குது. ஏத்தத்துலயே இப்படி சூடாகுதுன்னா பேட் விடாம உரசிக்கிட்டே வந்திருக்கு. சக்கரத்தைத் தூக்கிச் சுத்தினா அரை சுத்து கூடச் சுத்தல.

நான் திரும்பி வரவேண்டியது ரதல்ல குறுக்கு வீதி. அந்த இறக்கம் உங்களுக்குத் தெரியும். 2023 ஜனவரியில அந்த ரோட்டுல நடந்த விபத்துல ஏழு பேர் போயிட்டாங்க. அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னைக்கும் எனக்கு வயித்தைப் பிசையும். தங்கச்சியை பஸ்ல ஏத்திவிட்டுட்டு, தெரிஞ்ச அண்ணனோட மரக்கறி லொறியில பைக்கைப் போட்டுக்கிட்டு வந்தேன். லொறிக்கார அண்ணன் டிஸ்க்குக்குத் தண்ணி ஊத்துவோமான்னு கேட்டாரு, வேணாம்னுட்டேன். அவ்வளவு சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிப் போகலாம். தானா ஆற விடுறதுதான் சரி.

இப்ப, சக்கரம் இறுகினா எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கிற முறை. இதை நல்லாக் கேளுங்க. சக்கரம் இறுகி இருக்கும்போதே நிப்பிளைக் கொஞ்சமாத் திறங்க. ஒயில் பீச்சி அடிச்சு சக்கரம் விட்டுடுச்சுன்னா, உள்ள அழுத்தம் மாட்டிக்கிட்டு இருக்கு. அது மாஸ்டர் சிலிண்டர்ல ஒயில் திரும்பிப் போற அந்த ஊசித் துவாரம் அடைச்சதாலயும் இருக்கலாம், ஹோஸ் உள்பக்கம் ஊதினதாலயும் இருக்கலாம். அடுத்த தரம் இறுகும்போது மேல மாஸ்டர் பக்கத்து ஹோஸ் போல்ட்டைத் துணி சுத்தி லேசா இளக்குங்க. அப்ப விட்டா மாஸ்டர், அப்பவும் விடாம கீழ நிப்பிளைத் திறந்தா மட்டும் விட்டா ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடலைன்னா கோளாறு கெலிப்பர்லயேதான்.

எனக்கு மூணாவது. கெலிப்பர் அங்கிட்டு இங்கிட்டு நகர்றதுக்கு ரெண்டு பின் இருக்கும். அதோட ரப்பர் ஊதிப்போய் பின்னை இறுக்கிப் புடிச்சிருக்கு. முன்ன வச்சிருந்தவர் யாரோ சக்கர பேரிங்குக்குப் போடுற கிரீஸைப் பூசியிருக்காங்க. பிரேக் ரப்பருக்குப் பெட்ரோலியம் ஆகவே ஆகாது, ஊதிடும். நம்ம ஆளுங்க பிரேக் ஒயில்னு சொல்றதால அதுவும் ஒரு ஒயில்தானேன்னு எஞ்சின் ஒயில் தொட்டுப் போடுறதையும் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு செய்யாதீங்க. புது ரப்பர் போட்டு, சிலிக்கோன் கிரீஸ் பூசியிருக்கேன். இப்ப பாருங்க, ஒரு விரலால தள்ளுறேன், போகுது.

ஒயிலையும் மாத்திட்டேன். டொட் 4ங்கிற இந்த வகை பிரேக் ஒயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. ஆனா அது ஈரத்தை இழுக்கும். நூத்துக்கு நாலு பங்கு கூடத் தண்ணி சேர வேணாம், 155 பாகைக்கு இறங்கிடும். நம்ம ஊர்ல பனியும் மழையும் விட்டு எத்தனை நாள் இருக்கு சொல்லுங்க? கொதிச்சா ஆவி, ஆவியும் காத்து மாதிரிதான் அமுங்கும். பாதி இறக்கத்துல லீவர் காலியாகும். அதனால திறந்து ரொம்ப நாள் கிடக்குற போத்தல்ல இருந்து ஊத்தாதீங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர், மூணாவது கியர்ல எஞ்சினையே புடிக்க விடுங்க. நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் புடிக்கிற பழக்கம் நம்ம ரோட்டுக்குச் சரிவராது.

இப்ப கடைசி வேலை. லீவரைப் புடிச்சு ரப்பர் பட்டியால கைப்பிடியோட கட்டிட்டேன். ஹோஸ் போல்ட் ரெண்டுக்கும் கீழ பேப்பர் துண்டு சுத்தியிருக்கேன். ராத்திரி பூரா அழுத்தத்துல நிக்கட்டும். காலையில பேப்பர் நனையாம, லீவரும் உள்ள இறங்காம இருந்தா, முதல்ல நம்ம தோட்டத்து ரோட்டுலயே தனியா நாலு தரம் இறங்கி ஏறி, ஒவ்வொரு தரமும் டிஸ்க் சூட்டைப் பாப்பேன். அதுக்குப் பிறகுதான் தங்கச்சியை ஏத்துவேன். பேப்பர் நனைஞ்சிருந்தா அதையும் வீடியோ எடுத்துப் போடுறேன். மழை திரும்ப வருது, பைக்கை உள்ள தள்ளணும். வாறேன்.