புத்தாண்டில் மனசை நிறைப்பது சின்னச் சந்தோஷங்களே!

நடுவர் அவர்களே, மார்கழிப் பனியிலும் மப்ளர் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

புத்தாண்டில் மனசை நிறைப்பது பெரிய தீர்மானங்களா, சின்னச் சந்தோஷங்களா? எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி பெரிய பட்டியலே வாசித்தார். எடை குறைப்பாராம், கிடார் கற்றுக்கொள்வாராம், கடனை அடைப்பாராம். நடக்கட்டும் தம்பி, நல்லாயிருங்க. ஆனால் கடன் அடைத்த சந்தோஷம் எப்போது வரும்? கடைசித் தவணை கட்டின பிறகு. அப்படியென்றால் ஜனவரி ஒன்றாம் தேதி உங்கள் கையில் இருப்பது சந்தோஷமா? வேலைப் பட்டியல்! வருஷம் முழுக்க முறைத்துப் பார்க்கிற பட்டியல்.

இந்தப் பக்கம் வாருங்கள். கடைக்காரர் ஓசியில் கொடுத்த தினசரிக் காலண்டர் இருக்கிறதே, அதற்குச் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் வீட்டுக்கு அது டிசம்பரில் வரும். பழையதைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டுவதற்குள் யார் முதலில் புரட்டுவது என்று சண்டை. புரட்டி எதைப் பார்க்கிறோம், ராகுகாலமா? லீவு! 2026இல் பொங்கல் வியாழக்கிழமை. வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி உழவர் திருநாள், அப்புறம் ஞாயிறு. சேர்ந்தாற்போல நாலு நாள்! பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். சரி, தீபாவளி? நவம்பர் 8, ஞாயிறு. "போச்சுடா!" பத்து மாசம் கழித்துப் போகப்போகிற லீவுக்கு இன்றைக்கே துக்கம். அதிலும் ஒரு சுகம் இருக்கிறது நடுவர் அவர்களே, குடும்பமே சேர்ந்து உட்கார்ந்தல்லவா வருத்தப்படுகிறது!

சின்னச் சந்தோஷம் எல்லா நாளும்தான் கிடைக்கிறது, புத்தாண்டுக்கு என்ன தனி மவுசு என்று எதிரணியில் அம்மா ஒருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அம்மா, பனங்கிழங்கை ஜூன் மாசத்தில் வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பனம்பழம் உதிர்ந்ததும் கொட்டையைச் சேர்த்து மண்ணில் புதைத்து வைப்பார்கள். மார்கழி, தையில்தான் கிழங்கு தோண்டலாம். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலே இருக்கிற பீலியை எடுத்துவிட்டு, நாரை இழுத்து இழுத்துப் போட்டுத் தின்ன வேண்டும். அவசரப்பட்டால் நார் பல்லிடுக்கில் மாட்டும். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் போனைத் தொட முடியாது. வேறு வழியில்லாமல் மாமியாரும் மருமகளும்கூடப் பேசிக்கொள்கிறார்கள்!

விடியற்காலைக் கோயிலில் தொன்னையில் வாங்கும் சுடுபொங்கலும் இந்த மாசத்துச் சரக்குதான். சென்னைக்காரர்களுக்கு 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி இருக்கிறது. பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கின பை தோளை இழுக்க, வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி தின்கிறவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பாதிப் புத்தகத்தை அவர் படிக்க மாட்டார், அது வேறு விஷயம்.

தீர்மானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஜனவரி 20ஆம் தேதி உடைந்தால் கண்ணாடியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. கிழங்கு தின்றதற்காக யாராவது கூச்சப்பட்டதுண்டா? வாயு பிடிக்கும் என்று பயந்தால் கொஞ்சம் மிளகு சேர்த்து இடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பேச வருகிறார் எதிரணித் தலைவர். பெரிய பெரிய இலட்சியமெல்லாம் சொல்வார், கேளுங்கள். சற்று முன்னால் மேடைக்குப் பின்புறம் இரண்டாவது தட்டு கேசரி வாங்கினார். முந்திரி இருக்கிற பக்கமாகப் பார்த்து அள்ளச் சொன்னார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நடுவர் அவர்களும் பார்த்தார்கள். என் தரப்புக்கு அந்த ஒரு சாட்சி போதும். நன்றி, வணக்கம்.